ராமச்சம் மணக்க நாங்குநேரி தாண்டினோம்

பாளையங்கோட்டையில் சம்பந்தி வீட்டு வாசலில் நான் காரை நிறுத்தியபோது காலை பத்து மணி. 1953, வைகாசிக் கடைசி. அந்த ஊர் வெயிலை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன்: பத்து மணிக்கே தார்ரோடு செருப்பைப் பிடித்து இழுக்கும். என் மகள் பகவதியைப் பேறுகாலத்துக்கு வடசேரிக்கு அழைத்துவரப் போயிருந்தேன். தூரம் சுமார் ஐம்பது மைல்.

சம்பந்தியம்மாள் அனுப்புவதாக இல்லை. போன மாதம் பஸ்ஸில் வெக்கை தாங்காமல் பகவதி மயங்கிவிட்டாளாம்.

"மதினி, என் காருக்குள்ள எப்பவும் மார்கழி மாசம்லா" என்றேன்.

"அப்ப நானும் வாறேன் அண்ணாச்சி. நாங்குநேரி வரைக்கும் பாப்பேன். பிள்ளைக்கு முகம் வாடுச்சோ, அங்கனயே வண்டியத் திருப்பணும்."

சரி என்று ஏற்றிக்கொண்டேன். என் வண்டி மேல் எனக்கு அத்தனை நம்பிக்கை.

வண்டி பழையதுதான். மலை எஸ்டேட்டுத் துரை ஒருவர் கப்பலேறும்போது எனக்கு விற்றுப் போனது. இடப்பக்கச் சன்னலுக்கு வெளியே பீப்பாய் மாதிரி ஒரு தகர உருளை தொங்கும். அதில் தண்ணீர் ஊற்றிவிட்டு வண்டியை ஓட்டினால், முன்வாயில் புகும் காற்று ஈர மெத்தைக்குள் நுழைந்து குளிர்ந்து உள்ளே வரும். துரை காலத்து மரச்சீவல் மெத்தை அழுகி, செத்த எலியாய் நாறியது. வேறு மெத்தை சீமையிலிருந்து வரவேண்டும் என்றார்கள். வாழைத்தார் சுமந்து மொத்த வியாபாரக் கடை வைத்தவனுக்குச் சீமை எதற்கு? கோட்டாறு கடைத்தெருவில் ஒரு கட்டு வெட்டிவேர் எட்டணா. எங்கள் பக்கத்தில் அதை ராமச்சம் என்போம். அதை வாங்கித் திணித்தேன். வாரம் ஒருமுறை தண்ணீரை வடித்து, வேரைக் காயவைத்து, தகரத்தில் படியும் உப்பைப் புளி போட்டுத் தேய்ப்பதும் நானேதான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் கைவேலை அது!

குலவணிகர்புரம் கேட்டில் திருச்செந்தூர் ரயிலுக்காக மறித்துவிட்டார்கள். வண்டி நின்றால் காற்றும் நிற்கும்.

"என்ன அண்ணாச்சி, உங்க மார்கழியும் ரயிலுக்குக் காத்திருக்கோ?" என்றார் அம்மாள்.

கேட் திறந்தது, வண்டி பறந்தது, குளிர் மட்டும் வரவில்லை. "அப்பா, மூச்சு முட்டுது" என்றாள் பகவதி. ஒரு புளியமர நிழலில் ஒதுக்கி இறங்கினேன். தண்ணீர் நிறைய இருந்தது. வேர் நனைந்திருந்தது. முன்வாய் வலையில் ஒரு பூச்சிகூட இல்லை. பிறகுதான் உள்ளே பார்த்தேன். சன்னல் கண்ணாடி அத்தனையும் ஏற்றி இறுக்கியிருந்தது.

"குளிரு வெளிய போயிரும்லா? பின்னால உள்ளத நாந்தான் ஏத்துனேன்" என்றார் அம்மாள்.

"மதினி, பஸ்ஸுல ஆள் இறங்காம வேற ஆள் எப்படி ஏறும்? உள்ள இருக்க காத்து வெளிய போனாத்தானே புதுக்காத்து வரும்!"

பின்சன்னலை இரண்டு விரல் அகலம் இறக்கிவிட்டு வண்டியை எடுத்தேன். குளிர் வந்தது, கூடவே ராமச்ச மணமும். மூன்றடைப்பு தாண்டியதும் பின்னால் பேச்சில்லை. கண்ணாடியில் பார்த்தால், பகவதி மாங்காய்த் துண்டு கடித்துக்கொண்டிருக்கிறாள், அம்மாள் வாயைத் திறந்து உறங்குகிறார்.

நாங்குநேரி வந்தது. வேகத்தைக் குறைத்தேன்.

"நிறுத்தாதீங்கப்பா, அத்தை உறங்கட்டும்" என்று மகள் மெல்லச் சிரித்தாள்.

வள்ளியூரில் ஓசைப்படாமல் உருளையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். ஆரல்வாய்மொழிக் கணவாய்க்காற்று வண்டியை உலுக்கியபோதுதான் அம்மாள் கண் விழித்தார்.

"நாங்குநேரி வந்தாச்சா?"

"முப்பந்தலே தாண்டியாச்சு மதினி."

அம்மாள் பிள்ளையின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். கன்னம் ஜில்லென்றிருந்தது. ஆரல்வாய்மொழியில் நான் எல்லாச் சன்னலையும் இறக்கிவிட்டேன். காற்று சேலைத்தலைப்பைப் பிடுங்கியது.

"இந்தக் காத்தையும் நீங்கதான் வாங்கி மாட்டுனீயளோ?"

"இது எங்க நாட்டுக்கு ஆண்டவன் மாட்டினது. மத்தது நான் மாட்டினது."

உண்மையைச் சொன்னால், வடசேரியில் அந்த உருளைக்கு வேலை குறைவு. எங்கள் காற்றில் ஏற்கெனவே ஈரம் உண்டு. கணவாய்க்குக் கிழக்கே போனால்தான் அதன் அருமை தெரியும். மூன்றாம் நாள் அம்மாளைத் திரும்பக் கொண்டுவிடப் புறப்பட்டேன். கணவாயைத் தாண்டியதும் அனல் அடித்தது. கண்ணாடிகளை ஏற்றினோம். நான் வாயைத் திறக்குமுன் பின்சன்னலை இரண்டு விரல் இறக்கிவைத்தது, பாளையங்கோட்டைச் சம்பந்தியம்மாள்தான்.