ஐம்பத்து மூன்று ஓம்

தனக்கோடியின் வேலைக்கு உலை வைத்த கணக்கைப் போட்டவன் நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் சொல்லித் தெரிய வேண்டாம்.

1997. பெங்களூர் பக்கம் பொம்மசந்திராவில் ஹீட்டர் காயில் செய்யும் சின்ன கம்பெனி. தனக்கோடி அங்கே ஒன்பது வருடமாகக் கம்பி சுற்றுபவர். கணவர் இல்லை, பள்ளியில் படிக்கும் இரண்டு பெண்கள். ஈஜிபுராவிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். பத்தாவது வரை படித்தவர். நான் டெஸ்டிங்கில் இருந்தேன், டிப்ளமோ. அந்தத் திமிரும் கொஞ்சம் இருந்தது.

ஓசூர் பக்கம் ஒரு சோப்பு கம்பெனிக்கு அனுப்பிய பன்னிரண்டு காயில்களும் ஒரே வாரத்தில் எரிந்து திரும்பி வந்தன. ஒவ்வொன்றும் ஏழரை ஆம்பியர் இழுத்ததாக எழுதி அனுப்பியிருந்தார்கள். எங்கள் காயில் 230 வோல்ட்டுக்கு ஆயிரம் வாட். நாலரை ஆம்பியர்கூட இழுக்கக் கூடாது. நான் 230ஐ ஏழரையால் வகுத்தேன். ரெசிஸ்டன்ஸ் 31 ஓம் வந்தது. இருக்க வேண்டியது 53. தனக்கோடி கம்பியைக் குறைத்துச் சுற்றியிருக்கிறார் என்று ரிப்போர்ட் எழுதிக் கொடுத்தேன். சூப்பர்வைசர் டென்சில் அன்றைக்கே மெமோ கொடுத்துவிட்டார்: ஏன் வேலையை விட்டு நீக்கக் கூடாது, சனிக்கிழமைக்குள் பதில் வேண்டும்.

தனக்கோடி அழவில்லை. எரிந்த காயில்களை அப்படியே அள்ளிக்கொண்டு என் மேஜைக்கு வந்தார்.

"மீட்டர் வைங்க சார்."

"அறுந்துபோன காயில்ல என்னம்மா ரீடிங் வரும்?"

"அறுந்தா ரெண்டு துண்டு. தனித்தனியா வைங்க."

ஒரு துண்டு 33, இன்னொன்று 20.

"கூட்டுங்க" என்றார்.

ஐம்பத்து மூன்று. பன்னிரண்டையும் அளக்க வைத்துவிட்டுத்தான் விட்டார். ஒன்றுகூட ஐம்பத்திரண்டுக்குக் கீழே போகவில்லை.

"அப்போ ஏழரை ஆம்பியர் எப்படி வந்துச்சு?" என்று கேட்டேன்.

"அத நீங்கதான் சொல்லணும். அந்த இருநூத்தி முப்பது எங்கேர்ந்து சார் வந்துச்சு?"

"காயில் மேலயே போட்டிருக்கே."

"அது நாம ஒட்டின ஸ்டிக்கர். அங்க லைன்ல யாரு அளந்தா?"

யாரும் அளக்கவில்லை. 53ஐ ஏழரையால் பெருக்கினேன். கிட்டத்தட்ட 400 வோல்ட். 230 வரும் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே மாட்ட வேண்டியதை, 400 வரும் இரண்டு ஃபேஸுக்கு நடுவே மாட்டியிருக்கிறார்கள். ஆயிரம் வாட் காயிலில் மூவாயிரம் வாட் ஓடினால் எரியாமல் என்ன செய்யும்? வெட்கத்தில் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

டென்சில் ஓசூருக்கு போன் போட்டார். அங்கே எலக்ட்ரீஷியன் அளந்து பார்த்து 398 என்றார். டென்சில் போனை வைத்துவிட்டு அசட்டுச் சிரிப்புச் சிரித்தார்.

"சரி போம்மா, ஆச்சு. மெமோவ கிழிச்சுடறேன்."

"எழுத்துல குடுத்தீங்க. வாபஸும் எழுத்துல குடுங்க."

"சும்னே எதுக்கும்மா அதெல்லாம்?" என்று கன்னடம் கலந்து இழுத்தார்.

"குடுக்கற வரைக்கும் இங்கயே நிக்கறேன்."

நின்றார். கால் மணி நேரம் அசையவில்லை. டென்சில் முனகிக்கொண்டே எழுதினார். காயிலில் குறை இல்லை என்று ஒரே ஒரு வரி. தனக்கோடி அதைப் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"குறை எதுலன்னு கீழ நீங்க எழுதுங்க சார்."

டென்சில் என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தார். நான் பேனாவை எடுத்தேன். 'வோல்டேஜை அளக்காமல் கணக்குப் போட்டது என் தவறு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"தேதி?" என்றார் தனக்கோடி.

தேதியும் போட்டேன்.