கழுவாத ரோல்

அப்பாவின் பெட்டியில் பழைய பிலிம் ரோல் ஒன்று கிடைத்தது. டப்பாவைத் திறந்ததும் காடி வாசம். சின்ன வயதில் மெர்லிமாவ் டவுன் போட்டோ கடையில் நின்றால் இந்த வாசம்தான். நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தில் முப்பத்தாறு படமும் முடிந்தால்தான் கழுவக் கொடுப்போம், பொங்கலுக்கு நாலு, கல்யாணத்துக்கு ஆறு என்று வருஷம் பூராவும் இழுக்கும், கடைசிப் படத்தை மட்டும் முருகன் திருவிழாவுக்கென்று அம்மா நிறுத்திவைப்பார். படங்களை எப்போதும் அம்மாவே எடுப்பார். இந்த ரோலில்தான் அப்பா அம்மாவை ஒரு படம் எடுத்தார். அம்மாவுக்கு வேறு படமே இல்லை. திருவிழாவுக்கு முன்பே அம்மா தவறிவிட்டார், ரோலும் அப்படியே நின்றுவிட்டது.

அந்தக் கடை இப்போது இல்லை. மலாக்கா டவுன் கடைப் பெண் ரோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கோலாலம்பூருக்கு அனுப்பணும் அங்கிள். ரொம்பப் பழசுலா, ஒன்னும் வராமப் போகலாம்."

"அனுப்பும்மா," என்றேன். வீட்டுச் சுவரில் ஆணி அடித்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.