அண்ணாச்சி பக்கத்தில் ஒன்றும் வரவில்லை

எங்கள் ஊரில் மழைக்காலம் வந்துவிட்டால் நலம் விசாரிப்பதற்கு முன்பே பாபநாசம் அணை எத்தனை அடி என்றுதான் கேட்போம். சில வருடங்களாக அதற்குப் பதில் சொல்லிவந்தவர், ஊரே அண்ணாச்சி என்று கூப்பிடும் ஒரு கட்சித் தலைவர். விடிந்ததும் விடியாததுமாகத் தன் சமூக வலைதளப் பக்கத்தில் அணை மட்டத்தைப் போட்டுவிடுவார். தண்ணீர் திறந்தால் அரசு அறிவிப்புக்கு முன்பே அங்கே செய்தி வந்துவிடும். அவர் கட்சியைப் பிடிக்காதவர்களும் இதற்காகவே அவர் பக்கத்தைப் பார்த்தார்கள். சீவலப்பேரியில் வாழ்க்கைப்பட்ட என் தங்கையும் அப்படித்தான். ஆற்றையொட்டி வீடு, நடக்க முடியாத மாமனார். வெள்ளம் வருவது அவளுக்கு முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும்.

இந்த வருடம் அதே பக்கத்தில் அவர் ஒரு வீடியோ போட்டார். பாளையங்கோட்டையில் எங்களுக்குப் பால் ஊற்றுபவரின் தெருவைச் சொல்லி, அங்கிருந்து வரும் பாலில் விஷம் கலக்கிறார்கள், கண்டால் விடாதீர்கள் என்றார். பச்சைப் பொய். மறுநாள் பால்காரர் அடி வாங்கி, உதடு கிழிந்து வந்து நின்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உடனே புகார் அனுப்பினேன். என்னைப் போல் பலரும் அனுப்பியிருப்பார்கள். வலைதள நிறுவனம் வீடியோவை எடுத்துவிட்டு, ஒரு மாதத்துக்கு அவர் எதையும் பதிவிட முடியாதபடி தடுத்துவிட்டது. பழைய பதிவுகள் அப்படியே இருந்தன.

நான் வேலை பார்க்கும் பள்ளியின் ஆசிரியர் அறையில் அன்று முழுக்க இதே பேச்சு.

"ஜனம் ஓட்டுப் போட்டு ஜெயிக்க வச்ச ஆளு. எங்கயோ இருக்க கம்பெனிக்காரன் யாரு டீச்சர் அவரு வாய அடைக்க?" என்றார் கணக்கு வாத்தியார்.

"நாம பேசினா ஒரு தெரு கேக்கும். அவரு பேசினா ஜில்லாவே கேக்கும். பால்காரர் உதட்டப் பாத்துட்டு வந்து சொல்லுங்க சார்" என்றேன். அவர் நோட்டுக் கட்டை எடுத்துக்கொண்டு வகுப்புக்குக் கிளம்பினார். எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

அடுத்த வாரம் மழை பிடித்தது. விட்டேனா பார் என்று ஊற்றியது. பள்ளிக்கு விடுமுறை. மத்தியானம் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ தெருவில் வந்தது. அணை திறந்தாச்சு, ஆற்றோரம் இருப்பவர்கள் மேட்டுக்குப் போங்கள் என்றார்கள்.  தங்கைக்குப் போன் அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. திரும்பத் திரும்ப அடித்த பிறகுதான் எடுத்தாள்.

"ஏட்டி, கிளம்பிட்டியா?"

"எங்கன கிளம்ப? இங்கன கரண்டுதான் போச்சு, வேற ஒண்ணும் இல்லக்கா. காலையில இருந்து அண்ணாச்சி பக்கத்தத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். ஒண்ணும் வரல. தண்ணி திறந்தா அவரு போடாம இருப்பாரா?"

போனுக்குள்ளேயே கத்தினேன்.

"அவரால போட முடியாதுட்டி! தடுத்து வச்சிருக்கானுவ. மாமாவத் தூக்கிட்டு மேட்டுக்குப் போ. இப்பவே போ!"

இணைப்பு அறுந்துவிட்டது. அவள் காதில் எவ்வளவு விழுந்ததோ தெரியாது. ஆண்டவரே, ஆண்டவரே என்பதைத் தவிர வேறு ஜெபம் என் வாயில் வரவில்லை. பால்காரர் வந்து மணியடித்தபோதுகூட எழுந்து போகத் தோன்றவில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் யாருடைய போனிலிருந்தோ கூப்பிட்டாள். பள்ளிக்கூட மாடியில் இருந்தார்கள். இடுப்பளவு தண்ணீரில் மாமனாரைக் கட்டிலோடு தூக்கி வந்தார்களாம். அதைக் கேட்டபின்தான் அழுதேன்.

தண்ணீர் வடிந்ததும் டவுன் பஸ் பிடித்துப் போனேன். அவள் வீட்டுக்குள் சேற்றைத் தள்ளிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கத்தை ஏன் தடுத்தார்கள் என்பதையும், நானும் புகார் அனுப்பியதையும் சொன்னேன்.

"பாவப்பட்ட மனுசன அடிக்க வச்ச வாய அடைக்கத்தான்க்கா வேணும்" என்றாள். பிறகு துடைப்பத்தை நிறுத்தினாள். "ஆனா அடைச்சவன், இங்கன இனி ஒண்ணும் வராதுன்னு அங்கன ஒரு வரி எழுதிப் போட்டிருக்கலாம்லா? அவனுக்கு என்னைத் தெரியாது. உனக்குத் தெரியும்லா?"