காம்பராவில் ஏது கேமரா?

அம்பிட்டியவில் போட்டோகொப்பி கடை வைத்திருப்பவள் நான். நாள் முழுக்க அடுத்தவர் எழுதியதை நகல் எடுத்துத்தான் பிழைப்பு. அதனால் பாட்டைக் களவெடுத்தவனை நான் திட்டும்போதெல்லாம் என் புருஷன் கணேஸுக்குச் சிரிப்பு வருகிறது. சிரிக்கட்டும். எத்தனை பிரதி எடுத்தாலும் மேலே இருக்கிற பெயரை நான் அழித்ததில்லை.

பாட்டு எங்கள் ஆயாம்மாவுடையது. ஜெயராணி என்று பெயர். ஹேவாஹெட்டப் பக்கம் நாங்கள் பிறந்த தேயிலைத் தோட்டத்தில் புள்ளக்காம்பரா ஆயாவாக இருந்தார். தாய்மார் கொழுந்து பறிக்க மலையேறும்போது கைக்குழந்தைகளை விட்டுப் போகிற அறைக்குத்தான் புள்ளக்காம்பரா என்று பெயர். வரிசையாகச் சீலைத் தொட்டில்கள். பால்மா வாசம், காயாத துணியின் வாசம், ஜன்னல் வரை வந்து நிற்கும் பனி. நடுவில் ஆயாம்மா, ஒரு தொட்டிலைக் கையாலும் இன்னொன்றைக் காலாலும் ஆட்டிக்கொண்டு பாடுவார்.

கொழுந்து நிறுத்ததும் அம்மா வருவா,
கூடைய எறக்கிட்டு ஒன்னத் தூக்குவா,
புள்ளக்காம்பரா வாசலப் பாரு,
பொழுது சாயயில வாறது யாரு?

இது எல்லோருக்கும் பொது. இதற்குப் பிறகு ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாக ஒரு வரி கட்டுவார். அந்த வரி வந்தால்தான் அந்தத் தொட்டில் அடங்கும். என்னுடையதைக் கேளுங்கள்: "சுதர்சினி அழுதா மழையே நிக்கும், சுத்தியிருக்க புள்ளைக்கும் விக்கும்." என் குணத்தைப் பல் முளைக்கும் முன்பே கண்டுபிடித்துவிட்டார். இன்றைக்கும் பால்மா டின்னைத் திறந்தால் எனக்குக் கண் சொருகும். அப்படியொரு தூக்கம் அதற்குப் பிறகு எனக்கு வாய்க்கவே இல்லை.

இப்போது ஆயாம்மா என் கடைக்கு மேலே, தன் மகன் வீட்டில் இருக்கிறார். பேரப்பிள்ளைக்கு அவர் பாடுவதை மருமகள் போனில் பிடித்துக் குடும்ப குரூப்பில் போட்டாள். அது குரூப் குரூப்பாகத் தாவி, கடல் தாண்டிப் போய், யாரோ ஒரு பாடகன் கையில் சிக்கியது. அவன் கிட்டாரோடு பாடிப் போட்ட வீடியோவை ஊரே பார்த்தது. நானும் கடையில் வைத்துப் பார்த்தேன். முதலில் உடம்பு சிலிர்த்தது. அடுத்த நிமிடம் எரிந்தது. வரிகள், இசை, குரல் மூன்றுக்கும் அவன் பெயரையே போட்டிருந்தான்.

ஒரு கூத்து வேறு. காம்பரா என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியவில்லை. "புள்ள கேமரா வாசலப் பாரு" என்று உருகி உருகிப் பாடுகிறான். வெளிநாட்டில் இருக்கும் தாய் கேமராவில் பிள்ளையைப் பார்க்கும் ஏக்கமாம், கீழே விளக்கமும் எழுதியிருந்தான்.

ஆயாம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

"அடியே, காம்பராவுல ஏதுடி கேமரா? மூத்திரத் துணிதான் இருந்துச்சு!"

சிரித்து முடித்ததும் கேட்டார். "கீழ என்னமோ எழுதியிருக்கே, யாரு பேரு?"

சொன்னேன். சேலை முனையைத் திருகினார்.

"போகுது விடு புள்ளன்னு சொல்லுவேன்னு பாக்குறியா? சொல்ல மாட்டேன். அது நான் கட்டுனது. எனக்கு என் பேரு வேணும்."

அந்த வாய் எதையும் எனக்கு வேணும் என்று கேட்டு நான் அறியேன்.

பாடகனுக்கு எழுதினேன். மறுமொழி உடனே வந்தது. இது நாட்டார் பாடலாம், மக்கள் சொத்தாம், ஒருவர் உரிமை கொண்டாட முடியாதாம், ஆயாம்மா கட்டியதுதான் என்றால் ஆதாரம் காட்டட்டுமாம். யாருக்கும் சொந்தமில்லாத பாட்டில் உன் பெயர் மட்டும் எப்படியடா ஏறியது?

ஆதாரத்துக்கு எங்கே போவது? கோபத்தில் வீடியோவின் கீழே என் வரியை எழுதினேன். "இது ஜெயராணி ஆயாம்மா எனக்குக் கட்டியது. அந்தக் காம்பராவில் தூங்கியவர்கள் உங்கள் வரியையும் எழுதுங்கள்" என்று போட்டேன்.

கட்டாரில் வேலை செய்யும் சுதேஷ்தான் முதலில் வந்தான். "சுதேஷு கையில பாதி ரொட்டி, மீதி ரொட்டி மூக்குல ஒட்டி." பிறகு வத்தேகமவில் கல்யாணம் முடித்தவள், கொழும்பில் புடவைக் கடையில் நிற்பவன், திருப்பூரில் தைப்பவள் என்று ஒவ்வொருவராக வந்தார்கள். மீசை நரைத்தவர்களெல்லாம் தங்கள் தொட்டில் வரியை எழுதினார்கள். நான் ஆயாம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முகங்களை ஒவ்வொன்றாக நினைத்து நினைத்து அழுதார்.

ராஜலிங்கம் எழுதியதை வாசித்தபோது மட்டும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அது என்னோடது இல்ல. அவங்கம்மா பேச்சியம்மா பால் குடுக்க வரயில கட்டுனது. அவ பேரப் போடு."

"ஆயாம்மா, நாம இப்ப ஒங்க பேருக்குத்தான சண்ட புடிக்கிறோம்?"

"அதுக்காக அவளோடத நான் எடுத்துக்கவா? போடுடி."

போட்டேன்.

பாடகன் அதற்கு மேல் வாதாடவில்லை. வீடியோவின் கீழே தன் பெயரை எடுத்துவிட்டு, "வரிகள்: ஜெயராணி, ஹேவாஹெட்ட" என்று மாற்றினான். கேமரா மட்டும் பாட்டில் அப்படியே இருக்கிறது. அதை வைத்து நான் இன்னும் அவனைத் திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

அன்றைக்கு ஆயாம்மா என்னை அந்தப் பெயரைத் திரும்பத் திரும்ப வாசிக்க வைத்தார். பேரப்பிள்ளை மடியில் தூங்கிக்கொண்டிருந்தது.

"எல்லாப் புள்ளைக்கும் ஒரு வரி கட்டுனேன் சுதர்சினி. எனக்குன்னு ஒன்னு கட்டத் தோணவே இல்ல. இது எனக்கு வந்த வரி. இன்னொருக்கா வாசி."