பச்சை வண்ணத்தில் கீறிய பெயர்

றோசமலருக்கு ஓய்வு வியாழன் பிற்பகலும் ஞாயிறும். ஞாயிறு தேவாலயப் பூசைக்குப் போய்விடும். வியாழனை ஒரேத்தோ வீதியில் ஒரு பழைய கராஜுக்குக் கொடுத்திருந்தாள். ரயில்வேயில் ஓய்வுபெற்ற கலோஜெரோ என்ற கிழவர் அதை அருங்காட்சியகம் என்று சொல்லி நடத்தினார். நாற்பத்து மூன்றாம் ஆண்டு உலகச் சண்டையில் ஜெர்மன்காரரும் அமெரிக்கரும் இந்த இத்தாலியத் தீவில் விட்டுப்போன தலைக்கவசங்கள், தண்ணீர்ப் போத்தல்கள், கடிதங்கள். ஜெர்மன்காரனுக்கு ஒரு அலுமாரி, அமெரிக்கனுக்கு ஒரு அலுமாரி என்று பிரிக்கக் கூடாது. அது அங்கே சட்டம். சம்பளம் யாருக்கும் கிடையாது.

லிபெர்த்தா வீதியில் அவள் பராமரித்த முதிய சிஞ்ஞோரா, இறந்துபோன கணவரின் இராணுவத் தொப்பியை அங்கே கொடுத்துவரச் சொல்லி அனுப்பினாள். கண்ணாடியில் படிந்திருந்த தூசைக் கண்டதும் றோசமலர் ஒரு துணியைக் கேட்டு வாங்கினாள். பிறகு போவதை நிறுத்தவில்லை.

"வீட்டு வேலை காணாதெண்டு, செத்த ஆமிக்காரற்றை சட்டியும் மினுக்கப் போறியளோ மச்சாள்?" என்று கிளறா சீண்டுவாள். கிளறா அவளுடைய கணவன் ஸ்ரீபனின் தங்கை. இருவருக்கும் ஒரே அறை. தொண்ணூறாம் ஆண்டு மன்னாரில் வீதித் தடையொன்றில் ஸ்ரீபனை பஸ்ஸிலிருந்து இறக்கிக்கொண்டு போனார்கள். மூன்று மாதம் கழித்து, அவன் போட்டிருந்ததென்று ஒரு சேட்டு மட்டும் வந்தது. அடையாளம் சொல்ல றோசமலரைத்தான் கூப்பிட்டார்கள். "ஓம், அவற்றைதான்" என்றாள். அந்தச் சேட்டைப் பெட்டியில் வைத்துச் சேமக்காலையில் அடக்கம் செய்தார்கள்.

தொண்ணூற்றைந்தில் ஒரு வயதான அமெரிக்கர் கராஜுக்கு வந்து, கம்பிப்பிடி வைத்த அலுமினியச் சாப்பாட்டுச் சட்டியொன்றை மேசையில் வைத்தார். தன் அருகில் கிடந்து உயிர்விட்ட ஜெர்மன் பொடியனுடையது, ஐம்பது வருடம் வைத்திருந்தேன், இனி முடியாது என்றார். வெளியே மங்கிய பச்சை வண்ணம். அதில் ஆணியால் கீறிய ஒரு பெயர். கலோஜெரோ பெயரைப் பதிவேட்டில் எழுதி, சட்டியை இழுப்பறையில் பூட்டினார். ஜெர்மனிக்குக் கடிதம் மேல் கடிதம் போட்டார். அடுத்த வசந்தத்தில் பதில் வந்தது. அந்தப் பொடியனின் தங்கை உயிரோடிருந்தாள், பெயர் ஹெல்கா. வீடு குண்டில் எரிந்துவிட்டது, அண்ணாவின் கையெழுத்தில் ஒரு வரிகூட எங்களிடம் இல்லை, அதைப் பார்க்கத்தான் வருகிறேன் என்று எழுதியிருந்தாள்.

றோசமலரிடம் கலோஜெரோ சொன்னது, அடுத்த வியாழன் இந்தச் சட்டிக்காரனின் தங்கை வருகிறாள் என்பது மட்டுந்தான். சட்டியை வெளியே எடுத்து வைத்துவிட்டுக் கோப்பி வாங்கப் போனார்.

செத்தவரின் பாத்திரத்தை அழுக்கோடு உறவின் கையில் கொடுப்பது அவளுடைய ஊரில் அவமரியாதை. அதைச் சாம்பலும் தும்பும் போட்டு மினுக்கி, வெயிலில் கவிழ்த்துத்தான் கொடுப்பார்கள். பச்சை வண்ணம் அவளுக்கு அடுப்படிப் பிசுக்காகத் தெரிந்தது. அதன்மேல் கோணல்மாணலாக ஓடிய எழுத்து, மற்றக் கீறல்களோடு கீறலாகக் கிடந்தது. தேசிக்காய்ச் சாறு விட்டாள், இரும்புத் தும்பால் தேய்த்தாள். கலோஜெரோ திரும்பியபோது சட்டி வெள்ளிபோல மின்னியது.

கிழவர் கோப்பியைக் கீழே வைத்தார். சட்டியை யன்னலடியில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கதிரையில் இருந்து, அந்தக் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினார்.

"நான் திரும்பக் கீறிவிடுறன், றோசா" என்றார் கடைசியில். "பெயர் பதிவேட்டிலை இருக்கு. பச்சையும் பூசலாம். அவவுக்கு அப்ப பத்து வயது. அண்ணன்ரை எழுத்து ஞாபகமிராது. நீ வாயைத் திறக்காதை."

புதன் பின்னேரம் சமையல் நேரத்தில் அவள் இதைக் கிளறாவிடம் சொன்னாள்.

"அந்தாள் சொல்லுறதுதான் சரி. வாயை மூடிக்கொண்டு இருங்கோ" என்றாள் கிளறா. "எங்களுக்கு அண்ணான்ரை சேட்டாவது கிடைச்சுது. அந்த மனிசிக்கும் ஏதோ ஒண்டு கிடைக்கட்டுமன்."

றோசமலர் அடுப்பைக் குறைத்தாள். "அது அவற்றை சேட்டில்லை, கிளறா."

"என்ன?"

"அந்தக் கொலர் அவற்றை கழுத்துக்குப் பூட்டாது. கையிலை எடுத்த உடனை எனக்குத் தெரியும். மாமி வாசலிலை நிண்டு என்ரை வாயையே பாத்துக்கொண்டு நிண்டவ. ஓமெண்டிட்டன்."

கிளறா கையிலிருந்த அகப்பையை வைத்தாள். "அப்ப ஆறு வருசமா நான் மெழுகுதிரிக்குக் காசு அனுப்பினது ஆற்றை குழிக்கு?"

அன்று இருவரும் சாப்பிடவில்லை.

மறுநாள் கராஜில் சட்டி பச்சையாக இருந்தது. பெயரும் இருந்தது. ஹெல்கா மெலிந்தவள், காலில் நடைச் சப்பாத்து. ஆறுதலாக, சொல் சொல்லாக இத்தாலியன் கதைத்தாள். கதிரையில் அமர்ந்து கையுறையைக் கழற்றி, முதல் எழுத்தின்மேல் விரலை வைத்தாள். வாய் அண்ணாவின் பெயரைச் சொல்லியது.

"சிஞ்ஞோரா, அது உங்கடை அண்ணா எழுதினதில்லை" என்றாள் றோசமலர். "அவர் எழுதினதை நான் தேய்ச்சு அழிச்சுப்போட்டன். இது இவர் போன கிழமை கீறினது."

விரல் அந்த இடத்திலேயே நின்றது. கலோஜெரோ சுவரைப் பார்த்தார். ஹெல்கா கேட்டாள்: "ஏன் சொன்னீங்கள்? சொல்லாட்டி இதை நான் வீட்டை கொண்டுபோயிருப்பன்."

றோசமலரிடம் இருந்த இத்தாலியன் சமையலறைக்கும் குளியலறைக்கும் போதுமானது. இதற்குப் போதவில்லை. ஹெல்கா சட்டியை மேசையில் வைத்துவிட்டுக் கையுறையை மாட்டிக்கொண்டு போனாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

"இப்ப சந்தோசமோ?" என்றார் கலோஜெரோ.

அவள் பொருட்களுக்கு விளக்கம் எழுதும் வெள்ளை அட்டையொன்றை எடுத்து அவருக்கு முன்னால் வைத்தாள். அவர் பேனையைத் திறந்து எழுதினார்: இதில் கீறியிருந்த பெயர் மே 1996இல் துப்புரவு செய்யும்போது அழிந்தது. இப்போதிருப்பது நகல்.

"ஆர் அழிச்சதெண்டும் போடுங்கோ."

அவர் போட்டார்.

வீட்டில் கிளறா கட்டிலில் இருந்தாள். வேலைக்குப் போட்டுப்போன சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

"சொன்னியளோ?"

"ஓம்."

"அவ என்ன செய்தவ?"

"விட்டிட்டுப் போட்டா."

கிளறா தலையை ஆட்டினாள். "ஆரெண்டே தெரியாத மனிசிக்கு ஒரு கிழமையிலை உண்மையைச் சொல்லிப்போட்டியள்" என்றாள். "எனக்கு மட்டும் ஏன் மச்சாள் ஆறு வருசம்?"

றோசமலர் முந்தின நாள் கறியை எடுத்து முகர்ந்து பார்த்தாள். அது பழுதாகிப் போயிருந்தது.