கருவேலங் காவல்

ஐயம்பேட்டை விறகுக் கடையில் கருவேலம் பிளந்துகொண்டிருந்தார்கள். அந்தப் பட்டையின் துவர்ப்பு வாடை மூக்கில் ஏறியதும் அப்பாவின் காக்கிச் சட்டை கண்முன் வந்தது.

நான் பள்ளியில் படித்தபோது, தென்னேரி ஏரிக்குள் வனத்துறை வளர்த்த கருவேல மரங்களுக்கு அப்பா காவலாளி. சட்டையைப் போட்டதும் ஊரே அவர் கண்ணுக்குத் திருட்டுக் கூட்டமாகிவிட்டது. ஆட்டுக்காக ஒரு கிளையை ஒடித்த சொந்த அக்காவையே கையைப் பிடித்து இழுத்துப்போய் அதிகாரி முன் நிறுத்தினார்.

மரங்கள் முற்றியதும் ஏலம் விட்டார்கள். எடுத்தவன் ஆட்களோடு வந்து ஒன்றுவிடாமல் வெட்டிச் சாய்த்தான். அப்பா அவன் பக்கத்தில் கைகட்டி நின்றார்.

கரையிலிருந்து அத்தை கேட்டாள்: “ஒரு கிளைக்கு என் கைய புடிச்சி இஸ்துக்கினு போனியே, இப்ப இவன் கைய புடிடா.”

அப்பா காதில் விழாததுபோல் லாரிக்குப் பின்னால் போய், “வரலாம் சார், வரலாம்” என்று வழிகாட்டினார்.

அவர்மேல் இருந்த மரியாதையை அன்றே அந்தக் கரையில் போட்டுவிட்டேன். திரும்பப் போய் எடுக்க இன்றுவரை தோன்றவில்லை.