அடி அண்ணாமலையில் தோண்டி எடுத்த பிளாஸ்டிக் கால்வாய்

எங்கள் தெரு வேளச்சேரியில், ஏரிக்குக் கொஞ்ச தூரத்தில் இருக்கிறது. ஐப்பசி பிறந்ததும் மற்றவர்கள் பட்டாசுக் கடைக்குப் போவார்கள். நாங்கள் அரிசி மூட்டையைப் பரண்மேல் ஏற்றுவோம். சென்ற பெரிய மழையில் எங்கள் பிரிட்ஜ் கூடத்தில் சாய்ந்து மிதந்ததைப் பார்த்த பிறகுதான் தெருக்காரர்கள் சங்கம் என்று ஒன்றை ஆரம்பித்தோம். மழைநீர் போக என்ன செய்யலாம் என்று விசாரிக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

அலுவலகத்தில் என்னோடு வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்குச் சொந்த ஊர் திருவண்ணாமலை. அவர்தான் சொன்னார். கிரிவலம் வருகிறவர்கள் வீசிவிட்டுப் போகும் டீ கப், தண்ணீர் பாக்கெட், கவர் எல்லாவற்றையும் உருக்கிப் பலகையாக்கி, அடி அண்ணாமலையில் ஒரு தெருவுக்கு அடியில் மழைநீர்க் கால்வாய் போட்டிருக்கிறார்களாம். மழை விட்ட கொஞ்ச நேரத்தில் தெரு காய்ந்துவிடுமாம். அவர் ஊருக்குப் போயே மூன்று வருடம் ஆகிறது என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை. 2007 அக்டோபரில் ஒரு சனிக்கிழமை கிளம்பினேன். பௌர்ணமி இல்லாத வாரமாகப் பார்த்துப் போனேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். பௌர்ணமி அன்று அந்த ஊரில் கூட்டத்தைத் தவிர வேறு எதையும் பார்க்க முடியாது.

கோயம்பேட்டில் காலை ஆறு மணிக்கு பஸ். திண்டிவனம், செஞ்சி வழியாகச் சுமார் 190 கிலோமீட்டர். டிக்கெட் எழுபது ரூபாய்க்குள் முடிந்துவிட்டது. திண்டிவனத்தில் டீ குடிக்க நிறுத்துவார்கள். டீ சுமார்தான், வடை பரவாயில்லை. செஞ்சி வரும்போது தூங்கிவிடாதீர்கள். சாலையின் இரண்டு பக்கமும் கோட்டை தெரியும். கீழ்ப்பென்னாத்தூர் தாண்டியதும் மலை தெரிந்தது. உச்சியில் மேகம் உட்கார்ந்திருந்தது. பதினொரு மணிக்கு பஸ் ஸ்டாண்டில் இறங்கி, பக்கத்திலேயே இரண்டு இட்லி, ஒரு பொங்கல் சாப்பிட்டுவிட்டு ஆட்டோ பிடித்தேன். அடி அண்ணாமலைக்கு எண்பது ரூபாய். நூறில் ஆரம்பிப்பார்கள், பேசினால் குறைப்பார்கள்.

செங்கம் ரோட்டில் ரமணாசிரமம் தாண்டும்போது டிரைவரிடம் எங்கே போகிறேன் என்று விவரமாகச் சொன்னேன்.

"பிளாஸ்டிக் கால்வாயா?" என்று கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "அத்த எப்பவோ தோண்டிப் போட்டுட்டாங்களே மேடம்."

"தோண்டிட்டாங்களா? ஏன்?"

"தண்ணியில வெசம் எறங்கிடுச்சுன்னு ஒரே கலாட்டா. இப்ப இன்னா பண்றது, திரும்பிடலாமா?"

ஐந்து மணி நேரம் பஸ்ஸில் வந்தவளிடம் கேட்கிற கேள்வியா இது? அதைப் போட்டவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டேன்.

"அப்ப வார்டு மெம்பரா இருந்த அம்மா இருக்காங்க. நல்லவங்க. வூடு எனக்குத் தெரியும், வாங்க."

கிரிவலப் பாதையை ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் உயர்த்திக்கொண்டே போயிருக்கிறார்கள். அதனால் கீழே இருக்கும் அந்தத் தெரு இப்போது பள்ளத்தில் கிடக்கிறது. மலையிலிருந்து இறங்கும் தண்ணீர் பாதையைத் தாண்டி நேராக அங்கேதான் வந்து நிற்கும். தெருவின் கடைசியில் ஒரு கிணறு. அதற்கு நாலு வீடு முன்னால், டிரைவர் சொன்ன மெம்பர் கலைவாணியின் வீடு. நாற்பது வயது இருக்கும். ஜன்னலோரம் தையல் மெஷினில் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தார். நான் வந்த காரணத்தைக் கேட்டதும் மெஷினை நிறுத்திவிட்டார்.

"இதுக்காகவா சென்னையிலருந்து வந்தீங்க?" என்றார். "உக்காருங்க. மோர் குடிங்க" என்று உள்ளே போனார்.

அவர் சொன்னதை என்னால் முடிந்தவரை அப்படியே எழுதுகிறேன்.

ஒரு மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீரில் ஊறி எதிர்வீட்டுச் சுவர் இடிந்து விழுந்தது. நல்லவேளை, உள்ளே யாரும் இல்லை. கலைவாணி மெம்பரான புதிது. கால்வாய் கேட்டு அலைந்தார். சிமெண்டில் போடப் பணம் இல்லை என்றார்கள். அதே நேரத்தில் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் பாதையோரம் மலைபோலக் குப்பை சேர்ந்தது. டவுனில் அன்வர் பாய் என்பவர் பழைய பிளாஸ்டிக்கை அரைத்து, உருக்கி, குடமும் வாளியும் செய்துகொண்டிருந்தார். கலைவாணி அவரிடம் போய், "குடம் பண்றீங்களே, கால்வாய் பண்ண முடியாதா?" என்று கேட்டிருக்கிறார்.

"சிரிச்சிட்டு அனுப்பிட்டாரு. பத்து நாள் கழிச்சி ஒரு பலகையத் தூக்கிட்டு அவரே வந்து நின்னாரு. நிறைய ஓட்டை போட்ட பலகை. இத்த நாலு பக்கமும் சேத்தா பெட்டி ஆயிடும், பெட்டிய வரிசையா வெச்சா கால்வாய் ஆயிடும்னாரு. மேல ஏறி நின்னு குதிச்சிக் காட்டினாரு."

தெரு முழுக்கப் பள்ளம் வெட்டி, பெட்டிகளை வரிசையாக இறக்கி, சுற்றிலும் ஜல்லி கொட்டி, மேலே மண் போட்டு மூடினார்கள். தெருவில் விழும் மழை ஜல்லி வழியாக வடிந்து, பெட்டிக்குள் இறங்கி, கிணற்றுக்குப் போகும். பௌர்ணமிக்கு மறுநாள் தெருப் பெண்கள்தான் பாதையில் கப் பொறுக்கினார்கள். அந்த வருட மழையில் தெருவில் தண்ணீர் நிற்கவில்லை. கோடையில் கிணற்றில் கயிறு எட்டாமல் இருந்த தண்ணீர், கைக்கு எட்டும் உயரத்துக்கு வந்தது.

"தித்திப்பா இருக்கும் அந்தத் தண்ணி. பக்கத்துத் தெருவுலருந்து கொடம் எடுத்துட்டு வருவாங்க. எங்க தெருப் பொம்பளைங்க என்னமோ பாலு குடுக்கற மாதிரி குடுப்பாங்க."

இரண்டாவது வருட மழை முடிந்த சமயம். கிணற்றுத் தண்ணீர் ஒரு மாதிரி வாடை அடித்தது. ஒரே வாரத்தில் தெருவில் பல வீடுகளில் வாந்தி, வயிற்றுப்போக்கு. கலைவாணியின் சின்ன மகள் பெரியாஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டு கிடந்தாள். பிளாஸ்டிக் விஷம் தண்ணீரில் இறங்கிவிட்டது என்று யாரோ ஒருவர் சொன்னது போதும். கடப்பாரையும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு தெருவே இறங்கிவிட்டது. செய்தி கேட்டு அன்வர் பாய் மொபெட்டில் வந்தார். ஒரே ஒரு இடத்தில் நிதானமாகத் திறந்து பார்க்கலாம், என்ன கலந்திருக்கிறது என்று தெரிந்துவிடும் என்று கெஞ்சினாராம். ஒருவரும் கேட்கவில்லை. ஒருத்தர் அவர் சட்டையைப் பிடித்துவிட்டார்.

"நான் ஆஸ்பத்திரியில இருந்தேன்" என்றார் கலைவாணி. "தோண்டறாங்கன்னு ஆள் வந்து சொன்னாங்க. போலாம்னு எழுந்தேன். பொண்ணு கைய விடல. நானும் போல. போயிருந்தா நிறுத்தியிருப்பனான்னு தெரியல. ஆனா பாய் தனியா நின்னிருக்க மாட்டாரு இல்ல?"

பாதிக்கு மேல் தோண்டிய பிறகுதான் தெரிந்தது. பௌர்ணமிக்கு வருகிறவர்களுக்கு அறை வாடகைக்கு விடும் ஒரு வீட்டிலிருந்து, மண்ணுக்கு அடியில் ஒரு குழாய் வந்து, பெட்டியின் பக்கவாட்டை உடைத்து உள்ளே செருகப்பட்டிருந்தது. கக்கூஸ் தண்ணீர். தோண்டியவர்கள் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு அதைப் பார்த்தார்கள்.

"அப்புறமாவது மறுபடி போட்டிருக்கலாமே?" என்று கேட்டேன்.

"பலகையெல்லாம் கடப்பாரையில ஒடஞ்சி போச்சி. அதுகூடப் பரவால்ல. ஆனா அந்த நாத்தத்தப் பாத்தவங்க யாரும் கிணத்துப் பக்கமே போல. குழாய்தான் காரணம்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா வெளியூர் ஆளுங்க கேட்டா பிளாஸ்டிக்னுதான் சொல்லுவாங்க. அதச் சொன்னா நம்ம தெரு ஆளக் காட்டிக்குடுக்க வேணாம் பாருங்க."

"குழாய் விட்ட வீட்டுக்காரர் என்ன சொன்னார்?"

"அவரா? புதுசா செப்டிக் டேங்க் கட்டிக்கிட்டாரு. அவ்ளோதான்."

அடுத்த தேர்தலில் கலைவாணி தோற்றார். அதைப் பற்றி அவர் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

பேசிக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. சொன்னால் நம்பமாட்டீர்கள், டம்ளரில் மோர் தீர்வதற்குள் தெரு குளமாகிவிட்டது. எதிர்வீட்டு அம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு வாசற்படியில் மண்மூட்டை அடுக்கினார். அதைத் தினப்படி வேலைபோலச் செய்தார். எங்கள் தெருவில் நானும் அப்படித்தான் செய்கிறேன்.

அன்வர் பாயைப் பார்க்க முடியுமா என்று கேட்டேன். விலாசம் சொன்னார். பிறகு, "தோண்டின நாள்லருந்து நான் அவரைப் பாக்கல" என்றார். "டவுன்ல அவர் கடைத்தெருப் பக்கம் போனாக்கூட சுத்திக்கிட்டுப் போயிடுவேன்."

"என்கூட வர்றீங்களா?"

தைத்துக்கொண்டிருந்த துணியை மடித்து வைத்தார். அவிழ்த்து மறுபடி மடித்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டார்.

மழை கொஞ்சம் விட்டதும் ஆட்டோ பிடித்து டவுனுக்குப் போனோம். மசூதிக்குப் பின்னால் ஒரு சந்தில் சின்னக் கடை. குக்கர், ஸ்டவ் ரிப்பேர் செய்கிற கடையாக இருந்தது. உள்ளே ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் குக்கர் மூடியைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தவர் சட்டென்று எழுந்தார்.

"வாங்க மெம்பரம்மா. வாங்க, வாங்க."

இப்போது மெம்பர் இல்லை என்று கலைவாணி சொல்லவில்லை. சொல்ல வந்ததும் வேறு.

"பாய், அன்னைக்கு நான் வரல."

"பொண்ணு எப்படி இருக்கு?"

"எட்டாவது படிக்கிறா."

"அப்புறம் என்ன? அது போதும். உக்காருங்க."

கலைவாணி உட்காரவில்லை. வாசல் பக்கம் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்வர் பாய் அதைக் கவனிக்காதவர்போல உள்ளே பார்த்து மூன்று டீ சொன்னார்.

விஷம் என்ற பேச்சு டவுனுக்கும் வந்து, அவர் குடங்களை யாரும் வாங்காமல் போயிருக்கிறது. மெஷினை வேலூர் பக்கம் ஒருவருக்கு விற்றுவிட்டார். அந்த நாளைப் பற்றி அவர் யாரையும் குறை சொல்லவில்லை. தன்னைத்தான் சொல்லிக்கொண்டார்.

"எல்லாத்தையும் மண்ணப் போட்டு மூடிட்டோம் மேடம். நடுவுல நடுவுல தெறந்து பாக்கறதுக்கு ஒரு மூடி வெச்சிருக்கணும். செலவு ஜாஸ்தின்னு வெக்கல. வெச்சிருந்தா அரை மணி நேரத்துல அந்தக் குழாயக் கண்டுபிடிச்சிருப்பேன். அப்புறம், குடிக்கிற கிணத்துல கொண்டுபோய் விட்டதும் தப்பு. தண்ணி வருதுங்கற சந்தோஷத்துல யாருமே அத யோசிக்கல."

எங்கள் தெருவைப் பற்றிச் சொன்னேன். முகம் மாறிவிட்டது. தெரு எவ்வளவு நீளம், ஏரி எந்தப் பக்கம், தண்ணீர் எங்கே முதலில் நிற்கும் என்று கேட்டார். டீயில் விரலைத் தொட்டு மேஜைமேல் ஒரு கோடு போட்டார். அதற்குக் குறுக்கே இன்னொரு கோடு. "இங்கருந்து சரிவு குடுத்தா போதும்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டு, துணியால் மேஜையைத் துடைத்தார்.

"நீங்க வாங்க பாய். மெஷின் வாடகைக்கு எடுத்துக்கலாம். நான் சங்கத்துல பேசறேன்."

"வேணாம் மேடம். நாளைக்கு உங்க தெருவுல ஒரு கொழந்தைக்கு வயிறு சரியில்லன்னா மொதல்ல என் பேருதான் வரும். ஒரு தடவ நின்னுட்டேன். இன்னொரு தடவ அப்படி நிக்கத் தெம்பு இல்ல."

நான் வற்புறுத்தவில்லை. ஒருவேளை வற்புறுத்தியிருக்கலாம். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

திருவண்ணாமலைக்குப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மழைக்காலத்தில் குடை கட்டாயம். மாலையில் சென்னைக்கு பஸ் நிறைய உண்டு, ஆனால் இருட்டுவதற்குள் ஏறினால் உட்கார இடம் கிடைக்கும். கோயிலுக்குப் போக மதியத்தை நம்பாதீர்கள், நடை சாத்திவிடுவார்கள். எனக்குத் தரிசனம் கிடைக்கவில்லை. கிரிவலம் போனால் ஒரு எவர்சில்வர் டம்ளரைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பாதையில் தண்ணீர் கொடுப்பவர்கள் அதில் ஊற்றுவார்கள், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள்.

உங்கள் தெருவில் மழைநீர்க் கால்வாய் போடப்போகிறீர்கள் என்றால், எதில் போட்டாலும் திறந்து பார்க்க மூடி வையுங்கள். மூடுவதற்கு முன் எந்த வீட்டுக் குழாய் எங்கே போகிறது என்று வீடு வீடாகப் பாருங்கள். குடிக்கும் கிணற்றுக்கு நேராக விடாதீர்கள். இதையெல்லாம் எங்கள் சங்கக் கூட்டத்தில் சொன்னேன். "பிளாஸ்டிக்கா? அங்கேயே தோண்டிட்டாங்கன்னு நீங்கதானே சொல்றீங்க" என்றார்கள். பிளாஸ்டிக் வேண்டும் என்பவர்களைக் கைதூக்கச் சொன்னார்கள். எனக்கு இரண்டு கை கூடத் தேறவில்லை. சிமெண்டில்தான் போடப்போகிறோம், எப்போது என்று தெரியாது.

போன வாரம் கலைவாணி போன் செய்தார். அந்தக் கிணற்றை மூட ஆரம்பித்துவிட்டார்களாம். மண் போட்டு இல்லை. பௌர்ணமி முடிந்ததும் பாதையில் கிடந்த கப்பையும் கவரையும் டிராக்டரில் அள்ளிவந்து அதில் கொட்டியிருக்கிறார்கள். இன்னும் இரண்டு பௌர்ணமியில் நிரம்பிவிடும் என்றார்.

"பாய்கிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல. நீங்களும் சொல்லிடாதீங்க" என்றார்.